வீட்டில் வாயாடி, பள்ளியில் மௌனம்: செலக்டிவ் மியூட்டிசம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஜூனில் எல்.கே.ஜி. தொடங்கி, முதல் பெற்றோர் கூட்டம் வரும்போதுதான் பல வீடுகளில் இந்த விஷயம் தெரியவருகிறது. "உங்க பொண்ணு இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூட பேசல" என்று மிஸ் சொல்வார். யாரைப் பற்றிச் சொல்கிறார் என்றே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் புரியாது. வீட்டில் அந்தப் பெண்ணைத் தூங்கவைத்தால்தான் அமைதி கிடைக்கும். இப்படி வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தைக்குப் பள்ளி போன்ற சில இடங்களில் மட்டும் பேச்சு வராமல் போவதைத்தான் செலக்டிவ் மியூட்டிசம் என்கிறோம். ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கும் எனக்கு வருடா வருடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று முதல் ஆறு வயது வரையிலான, பள்ளிக்குப் புதிதாகப் போகும் குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது.

இது வெறும் கூச்ச சுபாவம்தானே? வளர வளரச் சரியாகிவிடாதா?

கூச்சமுள்ள குழந்தை முதல் வாரம் அம்மாவின் துப்பட்டாவை விடாது. இரண்டாவது வாரம் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ரப்பர் கேட்கும். ஒரு மாதம் போனால், "மிஸ், இவன் கிள்ளுறான்" என்று புகார் சொல்ல ஆரம்பித்துவிடும். மெதுவாகத்தான், ஆனால் இளகிக்கொண்டே வரும்.

செலக்டிவ் மியூட்டிசம் உள்ள குழந்தை அப்படி இளகாது. பள்ளி வாசல் வரை பேசிக்கொண்டே வந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் குரல் நின்றுவிடும். பெயரைக் கூப்பிட்டால் முகம் இறுகி, உடம்பு விறைத்து, அசையாமல் நிற்கும். சில பிள்ளைகள் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். இருமலைக்கூட அடக்கிக்கொள்பவர்கள் உண்டு.

மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்: பேச வேண்டிய சில இடங்களில் மட்டும் தொடர்ந்து பேசாமல் இருப்பது, மற்ற இடங்களில் நன்றாகப் பேசுவது, இது குறைந்தது ஒரு மாதம் நீடிப்பது, படிப்பையோ பழக்கத்தையோ பாதிப்பது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஆகவே ஜூன் முழுக்கப் பேசவில்லை என்றால் பதற வேண்டாம். ஜூலையும் அப்படியே போனால் சும்மா இருக்க வேண்டாம். சில குழந்தைகள் தானாகவே வெளியே வந்துவிடலாம், உண்மைதான். ஆனால் பேசாமல் கழியும் ஒவ்வொரு மாதமும் பேசாமல் இருப்பதையே பழக்கமாக்குகிறது. சுற்றியிருப்பவர்களும் "அவ பேச மாட்டா" என்று பழகிவிடுகிறார்கள். எல்.கே.ஜி.யில் தொடங்கினால் சுலபமாக முடிகிற வேலை, மூன்றாம் வகுப்பில் தொடங்கினால் கடினம்.

இது அபூர்வமான பிரச்சினையா?

அவ்வளவு அபூர்வம் இல்லை. பிரிட்டனின் பொது சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். சொல்லும் கணக்கு, சிறு குழந்தைகளில் சுமார் 140 பேருக்கு ஒருவர். எல்.கே.ஜி.யிலும் யு.கே.ஜி.யிலும் இரண்டிரண்டு செக்‌ஷன் இருக்கும் பள்ளியில் ஒரு குழந்தையாவது இருக்கலாம். பையன்களைவிடப் பெண் குழந்தைகளிடம் சற்று அதிகம். நம் ஊரில் பேசாத பெண் குழந்தைக்கு "நல்ல பொண்ணு, தொந்தரவே கிடையாது" என்று பாராட்டு வேறு கிடைத்துவிடுவதால், அவர்கள் கண்ணில் படுவதற்கு இன்னும் தாமதமாகிறது.

வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறாளோ?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. 1877-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் இதைப் பற்றி எழுதியபோது, குழந்தை தானாக விரும்பி வாயை மூடிக்கொள்வதாகத்தான் நினைத்தார். அந்த எண்ணம் நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. இன்று மருத்துவம் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாடும், உலக சுகாதார நிறுவனம் இப்போது பின்பற்றும் பட்டியலும் இதைப் பதற்றக் கோளாறுகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. பயத்தில் சிலர் ஓடுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் உறைந்துபோவார்கள். இந்தக் குழந்தைகளுக்கு உறைவது தொண்டை.

பேச ஆசை இருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பள்ளியில் வாயே திறக்காத குழந்தை, சாயங்காலம் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு, மிஸ்ஸின் குரலிலேயே அட்டெண்டன்ஸ் எடுக்கும். ஒவ்வொரு பொம்மைக்கும் தானே "பிரசன்ட் மிஸ்" சொல்லும். வகுப்பில் நடந்த ஒன்றுகூட விட்டுப்போயிருக்காது.

நாங்கள் வளர்த்த விதத்தில் ஏதாவது தப்பா?

இல்லை. பிறவியிலேயே எதற்கும் சட்டென்று தயங்கும் சுபாவம் உள்ள குழந்தைகளுக்கு இது வருகிறது. குடும்பத்தில் விசாரித்தால், "நானும் சின்ன வயசுல அப்படித்தான்" என்று அப்பாவோ அத்தையோ சொல்வதுண்டு. ஏதோ பெரிய அதிர்ச்சி நடந்திருக்கும் என்று சினிமா பார்த்துப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை. அதுவரை எல்லா இடத்திலும் பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வீட்டிலும் பேச்சை நிறுத்தினால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

காரணம் நீங்கள் இல்லை. ஆனால் இது நீடிப்பதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி "உன் பேர் என்னம்மா?" என்று கேட்கிறார். குழந்தை உறைகிறது. இரண்டு வினாடி யாருக்கும் பொறுக்க முடிவதில்லை. "பேரு யாழினி, கொஞ்சம் கூச்சம்" என்று அம்மா சொல்லிவிடுகிறார். குழந்தைக்கு அப்பாடா என்று இருக்கிறது. ஆன்ட்டிக்கும் நிம்மதி, அம்மாவுக்கும் நிம்மதி. பேசாமல் இருந்தால் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று குழந்தை இன்னொரு முறை கற்றுக்கொண்டது. கட்டாயப்படுத்துவதும் கெடுக்கும், ஒவ்வொரு முறையும் நாமே பதில் சொல்வதும் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. இனி வரும் பதில்கள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். அதனால்தான் பேசவில்லையோ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புது மொழி பேசும் இடத்தில் விடப்பட்ட குழந்தை, சில மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு. திருப்பூர்ப் பள்ளிகளில் சேரும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். அவர்கள் தமிழில் பேசாவிட்டாலும், தன் மொழி பேசும் இன்னொரு பிள்ளை கிடைத்தால் பொழிந்துவிடுவார்கள். கையைக் காட்டி, இழுத்துக்கொண்டு போய், எப்படியாவது விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். இடைவேளையில் தமிழ் பேசும் தோழியிடம் தமிழில்கூடப் பேச முடியாமல் நிற்கும் குழந்தையின் பிரச்சினை மொழி இல்லை.

இரண்டு மொழி வீடுகளில் செலக்டிவ் மியூட்டிசம் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறது. அதற்காக, "வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குழந்தைக்குப் பயமில்லாமல் இருக்கும் மொழி ஒன்றாவது வேண்டும்.

ஆட்டிசமாக இருக்குமோ? காது கேட்கவில்லையோ?

காதை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. சில குழந்தைகளுக்கு உச்சரிப்புப் பிரச்சினையோ பேச்சுத் தாமதமோ கூடவே இருக்கும். சிலருக்கு ஆட்டிசமும் சேர்ந்து இருக்கலாம். நேரில் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள்: வீட்டில் குழந்தை இயல்பாகப் பேசி விளையாடுவதை, அதற்குத் தெரியாமல் இரண்டு மூன்று நிமிடம் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி அறையில் குழந்தை பேசப்போவதில்லை. அந்த வீடியோ இல்லாததால் "பேச்சே வராத குழந்தை" என்று முடிவு கட்டிவிட்ட கதைகள் எனக்குத் தெரியும்.

யாரிடம் காட்டுவது?

குழந்தைகள் மனநல மருத்துவர், குழந்தைகளோடு வேலை செய்யும் உளவியலாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், இவர்களில் யார் உங்கள் ஊரில் கிடைக்கிறார்களோ அவரிடம் தொடங்கலாம். "செலக்டிவ் மியூட்டிசம் குழந்தைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. தனியாரிடம் செலவழிக்க முடியாதவர்கள், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போகலாம். அரசு மருத்துவமனை வளாகங்களில் இயங்குகிறது, கட்டணம் இல்லை. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கேதான் அனுப்புவார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அட்மிஷனுக்கு இன்டர்வியூ வைக்கிறார்கள். இவள் வாயே திறக்க மாட்டாளே?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. அது 6 முதல் 14 வயது வரைக்கான சட்டம் என்பதால், எல்.கே.ஜி. சேர்க்கையில் இதைக் காட்டி வாதாடுவதைவிட முன்கூட்டியே பேசிவிடுவது பலன் தரும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் போனில் சொல்லிவிடுங்கள்: "வீட்டில் நன்றாகப் பேசுவாள், புது இடத்தில் பேச்சு வராது, வீடியோ அனுப்புகிறேன், கேள்வி கேட்காமல் விளையாட மட்டும் விடுங்கள்." இதற்குப் பள்ளி என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். "அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லும் சின்னப் பள்ளி, "எங்க ஸ்கூல்ல எல்லாரும் ஃப்ளூயன்ட்டா பேசிடுவாங்க" என்று சொல்லும் பெரிய பள்ளியைவிட இந்தக் குழந்தைக்கு எத்தனையோ மேல்.

பள்ளி திறப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

மே மாதம் வீணாகப் போகக் கூடாது. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு இரண்டு மூன்று முறை கூட்டிக்கொண்டு போங்கள். வாட்ச்மேன், ஆபீஸ், படிக்கட்டு, வகுப்பறை, டாய்லெட், தண்ணீர்க் குழாய் எல்லாம் பழகட்டும். யாரும் இல்லாத அந்த வகுப்பறையில் நீங்களும் குழந்தையும் மட்டும் உட்கார்ந்து விளையாடுங்கள், பேசுங்கள், சத்தமாகச் சிரியுங்கள். "இந்த அறையில் என் குரல் வந்திருக்கிறது" என்ற அனுபவம் பள்ளி திறப்பதற்கு முன்பே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

வகுப்பு மிஸ் யார் என்று முன்பே தெரிந்தால் அவர் போட்டோவை வாங்கிக் காட்டுங்கள். அவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, குழந்தையிடம் எதுவும் கேட்காமல், அதன் பொம்மைகளோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அதே வகுப்பில் சேரப்போகும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், இருவரையும் உங்கள் வீட்டில் விளையாடவிடுங்கள். ஒரே ஒரு பிள்ளை போதும்.

குழந்தையிடம் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், பேச வேண்டும். "சில இடத்துல பேச்சு வர்றது உனக்குக் கஷ்டமா இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா வரும். அதுவரைக்கும் நீ விளையாடு, கை காட்டு, தலையாட்டு, போதும்." இவ்வளவுதான். "ஸ்கூலுக்குப் போனா நல்லா பேசணும், சரியா?" என்று தினமும் காலையில் வாக்குறுதி வாங்குவது குழந்தையைத் தூக்கம் வராமல் செய்யும்.

வகுப்பில் குரலை எப்படிக் கொண்டுவருவது?

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குழந்தை யாரிடம் தயக்கமில்லாமல் பேசுமோ அவரைப் பள்ளிக்குள் கொண்டுபோய், அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே புது ஆளை மெல்ல மெல்ல உள்ளே சேர்ப்பதுதான் வழி. கூடப் போகிறவர் பெரும்பாலும் அம்மா, பாட்டியாகவும் இருக்கலாம், அண்ணனாகவும் இருக்கலாம்.

மாலை மூன்றரை மணி, ஸ்கூல் வேன்கள் கிளம்பிவிட்டன. எல்.கே.ஜி. அறையில் அம்மாவும் குழந்தையும் மட்டும். கதவு சாத்தியிருக்கிறது. பல்லாங்குழியோ படச்சீட்டோ, எண்ணிக்கொண்டே ஆடுகிற ஏதாவது ஒரு ஆட்டம். எண்ணுவது யோசித்துப் பேசுவதைவிடச் சுலபம் என்பதால் இப்படித் தொடங்குகிறோம். குரல் இயல்பாக வந்ததும், அடுத்த நாள் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். அதற்கடுத்து மிஸ் வராந்தாவில் நடந்து போவார், உள்ளே பார்க்க மாட்டார். பிறகு அறைக்குள் வந்து, மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். குழந்தையின் குரல் இறங்கும். அம்மா ஆட்டத்தை நிறுத்தாமல் காத்திருப்பார். குரல் மறுபடி எழுந்ததும் அன்றைக்கு அதோடு சரி. அடுத்தடுத்த நாட்களில் மிஸ்ஸின் நாற்காலி ஒவ்வொரு பெஞ்சாக நெருங்கி வரும். ஒருநாள் அவரும் ஆட்டத்தில் சேருவார்: அம்மா "ஒண்ணு", குழந்தை "ரெண்டு", மிஸ் "மூணு". அது நடந்த பிறகு அம்மா மெதுவாக விலக ஆரம்பிப்பார். முதலில் தன் முறையை விட்டுக்கொடுப்பார், அப்புறம் ஜன்னலோரம் போவார், அப்புறம் வராந்தா.

ஒரே நாளில் இரண்டு படி ஏறிவிட வேண்டாம். குரல் அடங்கிப்போய்த் திரும்பி வரவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் சில நாளாவது தவறாமல் நடக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்வதால் பயனில்லை. மிஸ்ஸிடம் குரல் வந்ததும் ஒரு தோழி, பிறகு இன்னொரு தோழி, பிறகு இதே ஆட்டம் வகுப்பு நேரத்தில் ஒரு மூலையில், இப்படி விரியும். மிஸ்ஸிடம் பேசிவிட்டதால் இனி எல்லோரிடமும் பேசிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புது ஆளும், ஒவ்வொரு புது இடமும் தனி வேலைதான்.

எங்கள் பள்ளியில் பெற்றோரைக் கேட்டைத் தாண்டி விடுவதில்லை. என்ன செய்வது?

நிறையப் பள்ளிகளில் இதுதான் நிலைமை. மருத்துவரிடமோ தெரபிஸ்டிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு முதல்வரை நேரில் பாருங்கள். கேட்பது ஒன்றே ஒன்று: வகுப்பு முடிந்த பிறகு பதினைந்து நிமிடம், காலியான ஒரு அறை. அதுவும் முடியாது என்றால் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். குழந்தையின் சம்மதத்தோடு அது பாடும் ரைம்ஸைப் பதிவு செய்து மிஸ்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மிஸ் குரலில் பதில் வரட்டும். தன் குரலை மிஸ் கேட்டுவிட்டார், எதுவும் ஆகவில்லை என்பது பெரிய தைரியம். சம்மதம் இல்லாமல் அனுப்பி, மறுநாள் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

அங்கன்வாடியில் இந்தத் தொல்லை குறைவு. டீச்சரும் ஆயாவும் அதே ஊர்க்காரர்கள். அம்மா உள்ளே உட்கார்ந்தால் யாரும் விரட்டுவதில்லை.

மிஸ்ஸிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் மிஸ்ஸிடம் பத்துப் பக்கம் கொடுத்தால் படிக்க நேரம் இருக்காது. டைரியில் ஒட்டுகிற மாதிரி அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். "பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்" என்பது முதல் வரி. "வகுப்பிலிருந்து ஒதுக்கியும் வைக்காதீர்கள்" என்பது இரண்டாவது. போர்டு துடைப்பது, நோட்டு விநியோகிப்பது, வரிசையில் முன்னால் நிற்பது என்று பேச்சு தேவைப்படாத எல்லா வேலையிலும் இந்தக் குழந்தைக்கும் பங்கு இருக்க வேண்டும்.

அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான் தினமும் காலையில் வரும் முதல் கண்டம். தன் பெயர் நெருங்க நெருங்க இந்தக் குழந்தையின் கை சில்லிட்டுப்போகும். நாற்பது தலைகளும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நொடியைத் தவிர்க்க வேண்டும். இவளுக்கு மட்டும் சலுகை என்று ஆகாமல், ஒரு மாதத்துக்கு எல்லோருமே கையைத் தூக்கினால் போதும், அல்லது தங்கள் படத்தை எடுத்து அட்டையில் ஒட்டினால் போதும் என்று வைத்துவிட்டால் பிள்ளைகளும் ரசிப்பார்கள்.

பேசும் விதத்திலும் ஒரு முறை இருக்கிறது. முதல் சில வாரம் கேள்வியே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தையே பார்க்காமல், அவள் செய்வதைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்: "ஓ, யானைக்குப் பச்சை கலர் அடிக்கிறியா, காதும் பெருசா இருக்கு." அவள் தளர்ந்திருப்பது தெரிந்த பிறகு, தலையாட்டி முடித்துவிட முடியாத கேள்வியைக் கேட்கலாம். "கலர் வேணுமா?" என்று கேட்டால் தலையாட்டலோடு முடியும். "சிவப்பு வேணுமா, நீலம் வேணுமா?" என்று கேட்டால் ஒரு வார்த்தைக்கு இடம் இருக்கிறது. கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இந்த ஐந்து எண்ணுவதுதான் மிகவும் கஷ்டம். பதில் வந்தால், "நீலம்னு சொன்னியா, இந்தா" என்று இயல்பாகக் கொடுத்துவிடலாம். வராவிட்டால் முகம் மாறாமல் கிரேயானை நீட்டிவிட்டுப் பேச்சைத் தொடரலாம்.

வாய்மொழித் தேர்வுக்கு வீட்டில் எடுத்த வீடியோவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தெரிந்த பாட்டுக்கு பூஜ்யம் போடுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

டாய்லெட்டுக்குக் கேட்காமல் அடக்கிக்கொண்டே இருக்கிறாள்.

முதல் நாளே தீர்க்க வேண்டிய விஷயம் இது. எந்தப் பேச்சுப் பயிற்சியும் இதற்குப் பிறகுதான். கேட்க முடியாததால் பல பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்குகிறார்கள். சிலர் அதற்காகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வரும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருவதற்கு இது போதும். வகுப்பில் நனைத்துக்கொண்டால் அந்த அவமானம் வருடக் கணக்கில் மறக்காது.

பெஞ்சில் ஒரு சின்ன அட்டை வைக்கலாம், அதை மிஸ் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பலாம். அட்டையை எடுக்கவும் தயங்கும் குழந்தைக்கு, குறிப்பிட்ட நேரத்தில் ஆயாம்மாவே வந்து நாலைந்து பிள்ளைகளோடு சேர்த்துக் கூட்டிப்போவது நல்லது. ஆயாம்மாவிடம் நீங்களே நேரில் பேசுங்கள், டைரியில் எழுதினால் அவரிடம் போய்ச் சேராது. டிபன் பாக்ஸும் திறக்கப்படாமல் வந்தால், மற்றவர்கள் பார்க்கச் சாப்பிடுவதே கஷ்டமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கொஞ்ச நாள் ஓரமாக, ஒரு தோழியோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

"பேசினா சைக்கிள் வாங்கித் தரேன்" என்று சொல்லலாமா?

வேண்டாம். முடியாத ஒன்றுக்குப் பெரிய பரிசு வைத்தால் தோல்விதான் பெரிதாகும். முயற்சி செய்து முடித்த சின்னப் படிக்கு ஒரு ஸ்டிக்கர், அதுவும் குழந்தை விரும்பினால் மட்டும், சரி. "இன்னைக்கு மிஸ் பக்கத்துல இருக்கும்போது ஏழு வரைக்கும் எண்ணினே" என்று நடந்ததை அப்படியே சொல்வது எந்தப் பரிசைவிடவும் நன்றாக வேலை செய்கிறது.

முதல் முறையாகப் பேசிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பெரிதாக எதுவும் செய்யாதீர்கள். "ஐயோ பேசிட்டா! எல்லாரும் கை தட்டுங்க!" என்று மிஸ் கூவினால் அடுத்த வார்த்தை வர இரண்டு மாதம் ஆகலாம். தினமும் பேசும் குழந்தைக்கு எப்படிப் பதில் சொல்வாரோ அப்படியே சொல்லிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். சந்தோஷத்தை உங்களுக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் கிசுகிசுப்பாக வந்தாலும் வரவேற்புதான். ஆனால் தோழியின் காதில் சொல்லி, தோழி மிஸ்ஸிடம் சொல்வது நிரந்தர ஏற்பாடாகிவிடக் கூடாது.

மற்ற பிள்ளைகள் "மிஸ், அவளுக்குப் பேச வராது" என்கிறார்களே?

அந்த வயதுப் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பேச நினைக்கும் நாளிலும் அதை மீறி வர வேண்டியிருக்கும். "அவ வீட்ல நல்லா பேசுவா. இங்கேயும் பேசுவா, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்று மிஸ் ஒருமுறை சாதாரணமாகச் சொன்னால் போதும், பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

தாத்தா, மாமா, சித்தி எல்லோரும் ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

"கிணத்துல தூக்கிப் போட்டாதான் நீச்சல் வரும்" என்று சொல்லும் பெரியவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அப்படி நீச்சல் கற்றவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் நடுக்கூடத்தில் நிறுத்தி "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு, அப்பதான் சாக்லேட்" என்று கேட்பது இந்தக் குழந்தைக்கு அந்தக் கிணறுதான்.

சண்டை போட வேண்டாம். உறவினர் வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "வந்ததும் அவகிட்ட எதுவும் கேக்காதீங்க மாமா, ஒரு பத்து நிமிஷம் நம்மகூட பேசிட்டு இருங்க, அவளா வருவா." பாட்டிக்கு உண்மையிலேயே கவலை இருக்கும், அவருக்கு வேலை கொடுங்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பாட்டியிடம் விட்டால், பல பெற்றோரைவிட நன்றாகச் செய்கிறார்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை.

ஆண்டு விழாவில் மேடை ஏற்றலாமா?

குழந்தையைக் கேளுங்கள். பேசாத பிள்ளைகளில் பலருக்குக் கூட்டமாக ஆடுவது பிடிக்கும், அழகாகவும் ஆடுவார்கள். மைக்கைக் கையில் கொடுக்காமல் இருந்தால் போதும். "ஆடுறா, அப்ப பேசவும் முடியும்தானே" என்று அதைத் திருப்பி வாதமாக்க வேண்டாம்.

ஒரு வருடம் தள்ளிச் சேர்க்கலாமா? பள்ளியை மாற்றலாமா?

வீட்டிலேயே வைத்திருப்பதால் இது குறைவதில்லை. பழக வேண்டிய இடம் பள்ளி என்பதால், அங்கே போகாமல் பழக முடியாது. நாள் முழுக்க முடியாவிட்டால் முதல் சில வாரம் அரை நாள் அனுப்பலாம்.

பள்ளியை மாற்றுவதைப் பற்றி ஒரே பதில் கிடையாது. "பேசாத பெண்" என்ற பெயர் தெரியாத புது இடத்தில், முன்பே தயார் செய்துவிட்டுச் சேர்த்தால் சில குழந்தைகளுக்கு நன்றாகப் போகிறது. எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மாற்றினால் பழைய கதைதான். குழந்தையை மிரட்டும், அவமானப்படுத்தும் பள்ளி என்றால் மட்டும் யோசிக்காமல் வெளியே எடுங்கள்.

மருந்து தேவைப்படுமா?

எல்.கே.ஜி. வயதில் பெரும்பாலும் தேவைப்படாது. பல மாதம் முறையாக முயன்றும் நகரவில்லை, பதற்றம் மிக அதிகம், அல்லது குழந்தை வளர்ந்துவிட்டது என்றால், குழந்தைகள் மனநல மருத்துவர் ஃப்ளூவாக்செட்டின் போன்ற மருந்தைப் பற்றிப் பேசலாம். மேலே சொன்ன படிப்படியான வேலையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டானிக்கும், நாக்கில் தடவும் வசம்பும் இதைத் தீர்க்காது.

எல்.கே.ஜி. முடிவதற்குள் நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். இனி கவலை இல்லையே?

ஏப்ரலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யு.கே.ஜி. மிஸ் யார் என்று கேளுங்கள். வருடம் முடிவதற்குள், இப்போதைய மிஸ் உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் புது மிஸ்ஸும் சில நாள் வந்து அதே ஆட்டத்தில் சேரட்டும். எண்ணும் வரிசையில் அவருக்கும் ஒரு முறை இருக்கட்டும். நெருங்கிய தோழி அதே செக்‌ஷனில் இருக்கும்படி ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். மே விடுமுறையில் புது வகுப்பறையை ஒருமுறை காட்டிவிடுங்கள். ஜூன் முதல் வாரம் குரல் கொஞ்சம் உள்ளே போகும், அது சகஜம். அரைப் பக்கக் குறிப்பைப் புது டைரியிலும் ஒட்டிவிடுங்கள்.